புளூயிங் மங்கிய துப்பாக்கி மறுபடி மின்ன: டர்பன் பக்கத்து வீடுகளுக்கு ஒரு வழிகாட்டி

தென்னாப்பிரிக்காவில் டர்பன், டொங்காட், வெருலம் என்று கடலை ஒட்டி வாழும் நம்மவர்களில் வேட்டைக்கோ சுடுதளத்துக்கோ துப்பாக்கி வைத்திருப்பவர்கள் கிட்டத்தட்ட எல்லோரும் சொல்வது ஒன்றுதான். சேஃபில் வைக்கும்போது கருநீலமாக மின்னிய குழல், கோடை முடிந்து எடுத்துப் பார்த்தால் மேலே வெள்ளை பூத்து மங்கிக் கிடக்கிறது. உடனே கை பித்தளை துலக்கும் பிராஸோ டப்பாவைத் தேடும். தேடவிடாதீர்கள். அந்த மங்கலில் பெரும்பாலானது புளூயிங் (இரும்புக்குத் தொழிற்சாலையில் கொடுத்த அந்தக் கருநீலம்) கெட்டதால் வருவதில்லை, புளூயிங்கின் மேலே ஏதோ படிந்ததால் வருவது. மூக்குக்கண்ணாடி அழுக்கானால் கண்ணாடியையா ராவுவோம்? மேலே இருப்பதை மட்டும் எடுத்தால் போதும், அடியில் பழைய நிறம் அப்படியே இருக்கும்.

புளூயிங் என்பது பெயிண்ட் கிடையாது. இரும்பின் மேற்பரப்பையே மேக்னடைட் என்ற கருப்பு இரும்பு ஆக்சைடாக மாற்றியதுதான் அது. தொழிற்சாலையில் காஸ்டிக் சோடாவும் நைட்ரேட் உப்புகளும் கலந்த கரைசலை 140 டிகிரி செல்சியஸ் அளவுக்குச் சூடாக்கி, அதில் இரும்பை முக்கி எடுப்பார்கள். அந்தப் படலத்தின் கனம் ஒரு மைக்ரான், இரண்டு மைக்ரான் கணக்கில்தான் இருக்கும். தலைமுடியின் கனம் அதைவிடப் பல பத்து மடங்கு. இதில் கவனிக்க வேண்டியது, பளபளப்பு அந்தக் கருப்பிலிருந்து வருவதில்லை. புளூயிங் செய்வதற்கு முன்னால் இரும்பை எவ்வளவு நன்றாக மெருகேற்றினார்களோ அதுதான் பளபளப்பு. அதனால் வேட்டை ரைஃபிள்களில் சிலவற்றை வேண்டுமென்றே வெளிச்சம் அடிக்காதபடி மங்கலாக விட்டிருப்பார்கள், அதை நீங்கள் எவ்வளவு துடைத்தாலும் கண்ணாடி மாதிரி ஆகாது, ஆகவும் கூடாது.

துணியை எடுப்பதற்கு முன்

சட்டத்தை முதலில் பார்த்துவிடுவோம். தென்னாப்பிரிக்காவின் 2000ஆம் ஆண்டின் 60ஆம் எண் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டப்படி, உங்கள் பெயரில் லைசென்ஸ் உள்ள துப்பாக்கியில் மட்டும் கை வையுங்கள். தாத்தா காலமாகி அவருடைய ஷாட்கன் வீட்டில் இருக்கிறது, துருப்பிடிக்கிறதே, எடுத்துத் துடைத்து வைப்போம் என்று மனசு சொல்லும், அது நல்ல மனசுதான், ஆனாலும் முதலில் காகித வேலையைப் பாருங்கள், லைசென்ஸ் உங்கள் பெயருக்கு வந்த பிறகு துடைக்கலாம். இன்னொன்று, துப்பாக்கியில் பொறித்திருக்கும் வரிசை எண்ணை அழிப்பது குற்றம். எந்தத் தேய்ப்பும் அந்த எண்ணுக்குப் பக்கத்தில் போகவே வேண்டாம், அங்கே எண்ணெய்த் துணி மட்டும்.

அப்புறம் காலி செய்வது. மேகசினை (தோட்டாப் பெட்டியை) கழற்றுங்கள், போல்ட்டை (குழலின் பின்பக்கத்தை மூடும் தாழ்) திறந்து சேம்பரை (குழலின் பின்முனையில் தோட்டா உட்காரும் இடம்) கண்ணால் பாருங்கள், சுண்டுவிரலை விட்டும் தடவிப் பாருங்கள். தோட்டாக்கள் வேலை நடக்கும் அறையில் இருக்கவே கூடாது, சேஃபுக்குள் வைத்துப் பூட்டிவிட்டு வாருங்கள். போல்ட்டைக் கழற்ற முடிந்தால் கழற்றித் தனியே வையுங்கள். எத்தனை வருடப் பழக்கம் இருந்தாலும் சரி, காபி குடிக்க எழுந்து போய்த் திரும்பி வந்தால் சேம்பரை மறுபடியும் ஒருமுறை பாருங்கள்.

பிசுக்கு எடுக்கப் பயன்படும் பென்சீன் (benzine என்று எழுதி விற்கும் பெட்ரோலிய ஸ்பிரிட், benzene என்ற நச்சுப் பொருள் அல்ல), டர்பென்டைன் இரண்டும் தீப்பிடிக்கும். சாமி விளக்கு எரியும் அறை வேண்டாம், கேஸ் அடுப்புப் பக்கம் வேண்டாம். லோட் ஷெடிங் நேரத்தில் மெழுகுவர்த்தியை ஏற்றி வைத்துக்கொண்டு இந்த வேலையில் உட்காரவே கூடாது. கராஜ் கதவைத் திறந்துவிட்டு, பகல் வெளிச்சத்தில் செய்யுங்கள். பகல் வெளிச்சம் இன்னொரு காரணத்துக்காகவும் வேண்டும், டியூப்லைட்டில் துருவும் பிசுக்கும் ஒரே நிறமாகத்தான் தெரியும்.

மங்கல் எது என்று கண்டுபிடிப்பது

புதிதாகச் செய்கிறவர்கள் அவசரப்படுவது இங்கேதான். இதற்குக் கால் மணி நேரம் செலவழித்தால், பிறகு செய்யும் வேலை பாதியாகக் குறையும்.

முதலில் ஒரு காந்தத்தை எடுத்து ஒவ்வொரு பாகத்திலும் லேசாக வைத்துப் பாருங்கள். ட்ரிகர் கார்டிலோ மேகசின் அடித்தட்டிலோ காந்தம் ஒட்டவில்லை என்றால் அது பெரும்பாலும் அலுமினியம், அதன் கருப்பு அனோடைசிங் அல்லது பெயிண்ட். இந்தக் கட்டுரையில் சொல்லும் தேய்ப்பு வேலை எதுவும் அதற்குப் பொருந்தாது, மென்மையான துணியால் துடைத்துவிட்டு விட்டுவிடுங்கள்.

அடுத்து, ரைஃபிளின் மரக்கட்டைக்குள் மறையும் இடத்தில், வெளியே தெரியாத ஓர் அங்குலத்தைச் சோதனைக்கு எடுத்துக்கொள்ளுங்கள். வெள்ளைப் பருத்தித் துணியைப் பென்சீனில் நனைத்து, அழுத்தாமல் துடைத்துத் துணியைப் பாருங்கள். மஞ்சளாக, தேன் நிறமாகத் துணியில் இறங்கினால் அது பழைய எண்ணெய் காய்ந்த பிசுக்கு. பலருக்கும் இதுதான் இருக்கும். ஸ்ப்ரே எண்ணெயை மேலே மேலே அடித்து, பழையதைத் துடைக்காமலே புதியதைப் போட்டு, வருடக்கணக்கில் அது ஒரு தோல் மாதிரி ஆகியிருக்கும். நல்லெண்ணெய் மாதிரி சமையல் எண்ணெய் போட்டவர்களுக்கு இன்னும் மோசம், அவற்றில் பல காற்றுப் பட்டால் இறுகிப் பசையாகும் குணம் உள்ளவை, துப்பாக்கிக்குத் தாது எண்ணெய்தான் சரி.

துணியில் ஒன்றும் வரவில்லையா? இப்போது அதே இடத்தில் ஒரு சொட்டுத் துப்பாக்கி எண்ணெய் விட்டு, விரலால் தடவி, வெள்ளைத் துணியால் துடையுங்கள். செம்பழுப்பு ஒட்டினால் அது துரு, கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு மெல்லிய துரு. ஆரம்பத் துரு எப்போதும் சிவப்பாகத் தெரிவதில்லை, கருநீலத்தின் மேல் அது சாம்பல் மூட்டமாகத்தான் தெரியும். நம் கடற்கரை ஈரத்தில், உப்புக் காற்றில், ஒரே ஒருமுறை வேர்வைக் கையோடு குழலைப் பிடித்துவிட்டுத் துடைக்காமல் வைத்தாலே விரல் ரேகை அப்படியே துருவாகப் பதிந்துவிடும்.

இரண்டும் இல்லை, துணி சுத்தமாக இருக்கிறது, ஆனால் விளிம்புகளில், கையால் தூக்கிப் பிடிக்கும் இடத்தில், வெள்ளி நிறத்தில் இரும்பு எட்டிப் பார்க்கிறது என்றால் அது தேய்மானம். புளூயிங் அங்கே இல்லை. இல்லாததைத் துடைத்து வரவழைக்க முடியாது.

இன்னும் இரண்டு வகை உண்டு, இவற்றைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். ரிசீவர் (குழல் வந்து சேரும், போல்ட் ஓடும் நடுப்பாகம்) மட்டும் கத்தரிப்பூ நிறத்துக்கு மாறியிருந்தால் அது அந்த இரும்புக் கலவையின் குணமோ புளூயிங் கரைசலின் சூட்டில் வந்த வித்தியாசமோதான், அழுக்கு அல்ல, பல பழைய துப்பாக்கிகளில் அப்படி இருக்கும், அப்படியே விடுங்கள். புதிதாக புளூயிங் செய்து வாங்கிய துப்பாக்கியில் ஸ்க்ரூ இடுக்குகளிலும் இணைப்புகளிலும் வெள்ளைப் பொடி பூத்தால், அது கரைசலின் உப்பு உள்ளே தங்கிவிட்டது, செய்து தந்தவரிடமே திருப்பிக் கொண்டுபோய்க் கொதிநீரில் கழுவித் தரச் சொல்லுங்கள்.

வேலை

தேவையானவை: பென்சீன் அல்லது மினரல் டர்ப்ஸ், நல்ல துப்பாக்கி எண்ணெய், பழைய பருத்தி பனியன் துணி நிறைய, மென்மையான டூத்பிரஷ், நைட்ரைல் கையுறை, அப்புறம் ‘நாலு சைபர்’ ஸ்டீல் வூல். பாக்கெட்டில் 0000 என்று அச்சிட்டிருப்பதைப் பார்த்து வாங்குங்கள். பாத்திரம் தேய்க்கும் கம்பி நார் அதன் அண்ணன் தம்பி அல்ல, அது கரடுமுரடு, ஒரு தேய்ப்பில் கோடு விழும். பச்சை நிறத் தேய்ப்புப் பஞ்சும் வேண்டாம், அதில் உப்புத்தாள் போன்ற துகள்கள் இருக்கின்றன.

முடிந்தால் மரக்கட்டையைக் கழற்றிவிடுங்கள். கழற்றத் தெரியாவிட்டால் ஓரங்களில் மாஸ்கிங் டேப் ஒட்டுங்கள், பென்சீனும் அசிட்டோனும் மரத்தின் வார்னிஷைத் தின்றுவிடும்.

பிசுக்கு என்று கண்டுபிடித்தவர்கள், துணியைப் பென்சீனில் நனைத்து, குழலின் நீளவாக்கில், ஒரே திசையில் துடையுங்கள். துணியின் அழுக்கான பக்கத்தைத் திருப்பிக்கொண்டே இருங்கள், அழுக்குத் துணியால் துடைத்தால் பிசுக்கு இடம் மாறுமே தவிரப் போகாது. இறுகிப்போன இடத்தில் தேய்க்க வேண்டாம், நனைந்த துணியை அதன் மேல் சில நிமிடம் போர்த்தி வையுங்கள், தானாக இளகும். சைட் (குறிபார்க்கும் பாகம்) அடியிலும் இடுக்குகளிலும் டூத்பிரஷ். துணி வெள்ளையாகவே திரும்பி வரும்வரை செய்தால் போதும், பலருக்கு வேலை இங்கேயே முடிந்துவிடும். ஆனால் இந்த நிலையில் இரும்பு முழு நிர்வாணமாக இருக்கிறது, எண்ணெய் துளியும் இல்லை. டர்பன் ஈரத்தில் ஒரே இரவில் துரு ஏறிவிடும், அதனால் துடைத்த கையோடு எண்ணெய் தடவுங்கள், நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று விடாதீர்கள்.

துரு என்று கண்டுபிடித்தவர்களுக்குக் கொஞ்சம் பொறுமை வேண்டும். பிசுக்கை மேலே சொன்னபடி எடுத்துவிட்டு, துரு உள்ள இடத்தில் எண்ணெயைத் தாராளமாக விட்டு ஓர் இரவு ஊறவிடுங்கள். மறுநாள் ஸ்டீல் வூலில் ஒரு சின்ன உருண்டை கிள்ளி, எண்ணெயில் நன்றாக நனைத்து, இரண்டு விரலின் எடைக்கு மேல் அழுத்தாமல் தேய்க்க ஆரம்பியுங்கள். இரும்பை உலர்ந்த ஸ்டீல் வூல் தொடவே கூடாது, எப்போதும் எண்ணெய் மிதக்க வேண்டும். ஐந்தாறு தேய்ப்புக்கு ஒருமுறை நிறுத்தி, வெள்ளைத் துணியால் ஒற்றி எடுத்து அந்த எண்ணெயின் நிறத்தைப் பாருங்கள். எண்ணெய் செம்பழுப்பாக இருக்கும்வரை நீங்கள் எடுப்பது துரு, தொடரலாம். அது கருஞ்சாம்பலாக மாறத் தொடங்கியதும் கையை எடுத்துவிடுங்கள், இனி வருவது உங்கள் புளூயிங். இந்த நிற மாற்றத்தைப் பார்க்கக் கண் பழகிவிட்டால் மற்றதெல்லாம் சுலபம். ஓரிடத்தில் மட்டும் லேசாகத் தொட்டதுமே கருப்பு போய் வெள்ளி தெரிந்தால், முன்னால் வைத்திருந்தவர் யாரோ அங்கே கோல்ட் புளூ (cold blue, சூட்டுக் கரைசலில் முக்காமல் கையால் தடவும் நிறத் திரவம்) தடவி ஒட்டுப் போட்டிருக்கிறார் என்று அர்த்தம், அந்த இடத்தை மேலும் தொட வேண்டாம்.

துரு போன இடத்தில் ஊசிமுனைக் குழிகள் தெரிந்தால் அவை இருந்துவிட்டுப் போகட்டும். குழியின் அடிவரை தேய்க்கப் போனால் சுற்றிலும் உள்ள புளூயிங் முழுவதும் போய்விடும்.

கையோடு சொல்லிவிடுகிறேன், எதெல்லாம் கூடாது என்று. நம் வீடுகளில் குத்துவிளக்கைப் புளி போட்டுத் துலக்கிப் பழக்கம், எலுமிச்சை, வினிகர் போடுவதும் உண்டு. பித்தளைக்கு அது அருமை. புளூயிங்குக்கு அதுதான் எமன், புளிப்பு எதுவானாலும் துருவோடு சேர்த்துக் கருப்பையும் கரைத்துக்கொண்டு போய்விடும், பிறகு வெறும் சாம்பல் இரும்புதான் மிஞ்சும். கடையில் விற்கும் துரு நீக்கித் திரவங்களும், கோக்கும் அதே கதைதான், கோக்கிலும் பல துரு நீக்கிகளிலும் பாஸ்பாரிக் அமிலம் இருக்கும். பிராஸோ, ஹேண்டி ஆண்டி, பற்பசை எல்லாம் ராவிவிடும். ஜிக் மாதிரியான பிளீச் பட்டால் இரும்பு உடனே துருப்பிடிக்கும். வேட்டைக்குப் போகும்போது கையில் தடவும் டபார்ட் போன்ற கொசு மருந்தில் டீட் இருக்கிறது, அது மரக்கட்டையின் வார்னிஷையும் பிளாஸ்டிக்கையும் இளக்கிவிடும், தடவியதும் உள்ளங்கையைத் துடைத்துவிட்டுத் துப்பாக்கியைத் தொடுங்கள்.

கொதிநீர் வைத்தியம்

இதைத் தெரிந்தவர்கள் குறைவு, தெரிந்தவர்கள் விடமாட்டார்கள். சிவப்புத் துரு கொதிக்கும் தண்ணீரில் இருந்தால் கருப்பு மேக்னடைட்டாக மாறும். அந்தக் காலத்து ஆசாரிகள் துருவை வேண்டுமென்றே வரவழைத்து, வேகவைத்து, சுரண்டி, மறுபடி துருவேற்றி என்று பல சுற்று செய்துதான் குழலுக்கு நிறம் கொடுத்தார்கள். நாம் ஏற்கெனவே வந்துவிட்ட துருவுக்கு அதே வேலையைச் செய்யலாம். எஃகு ட்ரிகர் கார்டு, ஸ்க்ரூ, எஃகு அடித்தட்டு போன்ற கழற்றி எடுக்கக்கூடிய சின்ன பாகங்களுக்கு மட்டும் வீட்டில் செய்யுங்கள். காந்தம் ஒட்டாத எதையும் போடாதீர்கள், ஸ்பிரிங், பிளாஸ்டிக், பெயிண்ட் புள்ளி வைத்த சைட் இவற்றையும் போடாதீர்கள்.

பாகத்தை அசிட்டோனால் துடைத்து எண்ணெய்ப் பசை துளியும் இல்லாமல் செய்யுங்கள். இனிமேல் கையுறை இல்லாமல் தொடக்கூடாது. சமையலுக்கு எடுக்காத ஒரு பழைய பாத்திரத்தில் டிஸ்டில்டு வாட்டர் ஊற்றிக் கொதிக்க வையுங்கள், குழாய்த் தண்ணீரில் உள்ள உப்பு வெள்ளைப் புள்ளி போட்டுவிடும். பாகத்தைக் கம்பியில் கட்டி, பாத்திரத்தின் அடியைத் தொடாமல் தொங்கவிட்டு, கால் மணி முதல் இருபது நிமிடம் கொதிக்கவிடுங்கள். எடுத்துப் பார்த்தால் சிவப்பாக இருந்த இடம் வெல்வெட் மாதிரி கருத்து, விரல் பட்டால் பொடியாக ஒட்டும். சூட்டிலேயே தண்ணீர் ஆவியாகிவிடும். இப்போது ஸ்டீல் வூலை எடுங்கள், ஆனால் இதற்கு மட்டும் எண்ணெய் இல்லாதது வேண்டும், கடையில் வாங்கும் ஸ்டீல் வூலுக்குத் துருப்பிடிக்காமல் இருக்க எண்ணெய் பூசித்தான் விற்பார்கள், அதனால் அதையும் அசிட்டோனில் அலசி உலர்த்திக்கொள்ளுங்கள். மேலே நிற்கும் கருப்புப் பொடியை மட்டும் பூப்போலத் தள்ளிவிட்டால் அடியில் ஒட்டிய கருப்பு தங்கும். இளஞ்சூட்டிலேயே எண்ணெய் தடவி ஓர் இரவு விடுங்கள். நிறம் சுற்றுப்புறத்தோடு சேர்ந்துவிடுவதைப் பார்த்தால் நீங்களே ஆச்சரியப்படுவீர்கள்.

இரட்டைக் குழல் ஷாட்கன் வைத்திருப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. புதிதாக புளூயிங் செய்யக் கொடுக்கும்போது, உப்புக் கரைசலில் முக்கும் சூட்டு முறையைச் செய்யவே கூடாது என்று சொல்லிக் கொடுங்கள். அந்தக் குழல்களையும் நடுவில் உள்ள பட்டையையும் பெரும்பாலும் ஈயப் பற்று வைத்துத்தான் இணைத்திருப்பார்கள், காஸ்டிக் கரைசல் அந்தப் பற்றை அரித்துக் குழல்களைப் பிரித்துவிடும். துருவேற்றி வேகவைக்கும் பழைய முறைதான் அவற்றுக்கு.

தேய்ந்துபோன இடங்கள்

கோல்ட் புளூ பாட்டிலை வாங்கித் தடவலாமா என்று எல்லோரும் கேட்பார்கள். ஒரு கீறல், ஒரு ஸ்க்ரூ தலை, நகம் அளவு இடம் என்றால் தடவலாம். இரும்பை அசிட்டோனால் துடைத்து, ஹேர் டிரையரால் இளஞ்சூடாக்கி, பஞ்சு முனையால் தொட்டு, பாட்டிலில் எழுதியிருக்கும் நேரம் முடிந்ததும் தண்ணீரால் துடைத்து எண்ணெய் போடுங்கள். பல கோல்ட் புளூ திரவங்களில் செலினியம் இருக்கிறது, விஷம், கையுறையும் காற்றோட்டமும் கட்டாயம். முழுக் குழலுக்கும் இதைத் தடவாதீர்கள். திட்டுத் திட்டாக நிற்கும், சீக்கிரம் தேயும், சரியாகக் கழுவாவிட்டால் அங்கிருந்தே துரு கிளம்பும். முழுதாகச் செய்ய வேண்டுமென்றால் பதிவு பெற்ற கன்ஸ்மித்திடம் கொடுங்கள்.

பழைய துப்பாக்கி என்றால் அதுகூட வேண்டாம் என்பேன். 1899 முதல் 1902 வரை நடந்த போயர் போர்க்காலத்து மௌசர், ‘ஓ.வி.எஸ்’ (அன்றைய ஆரஞ்சு ஃப்ரீ ஸ்டேட் குடியரசின் டச்சுப் பெயர்ச் சுருக்கம்) என்று ரிசீவரில் முத்திரை விழுந்தது, இப்படி ஏதாவது உங்கள் கைக்கு வந்திருந்தால், எண்ணெயும் துணியும் தவிர எதையும் பக்கத்தில் கொண்டுவராதீர்கள். புதிதாக புளூயிங் செய்த பழைய துப்பாக்கிக்குச் சேகரிப்பவர்களிடம் மதிப்பு விழுந்துவிடும், முத்திரைகளின் ஓரமும் மழுங்கிவிடும், போனது போனதுதான்.

மெழுகும் சேஃபும்

துடைத்து முடித்த குழலுக்கு எண்ணெய் மட்டும் போட்டால் மின்னும், ஆனால் ஒரு மாதத்தில் கீழே வழிந்துவிடும், கை பட்டாலும் போய்விடும். கடற்கரை வீடுகளுக்கு என் தேர்வு மெழுகுதான். ரெனேசான்ஸ் வாக்ஸ் என்று ஒன்று உண்டு, 1950களில் பிரிட்டிஷ் மியூசியத்தின் ஆய்வுக்கூடத்தில் பழம்பொருள்களைக் காக்க உருவாக்கிய மைக்ரோ கிரிஸ்டலைன் மெழுகு. விலை அதிகம், ஆனால் ஒரு டப்பா வருடக்கணக்கில் வரும். வெளிப்புற எண்ணெயைத் துடைத்துவிட்டு, ஹேர் டிரையரால் குழலை வெதுவெதுப்பாக்கி, பட்டாணி அளவு மெழுகைத் துணியில் எடுத்து, இருக்கிறதா இல்லையா என்று தெரியாத அளவுக்கு மெல்லிசாகத் தடவுங்கள். சில நிமிடம் கழித்துச் சுத்தமான பருத்தித் துணியால் மெருகேற்றினால் நீங்கள் தேடிய அந்த ஆழமான கருநீலம் மேலே வரும். கனமாகப் பூசினால் அதுவே வெள்ளை மூட்டமாகத் தெரியும். மெழுகு வெளிப்புறத்துக்கு மட்டும்தான், போல்ட்டுக்கும் குழலின் உட்புறத்துக்கும் எண்ணெய்.

கியூ 20, டபிள்யூடி-40 மாதிரியான ஸ்ப்ரேக்கள் மழையில் நனைந்த துப்பாக்கியிலிருந்து ஈரத்தை விரட்டக் கைகொடுக்கும். அடித்து, துடைத்து, பிறகு முறையான எண்ணெயைப் போடுங்கள். மாதக்கணக்கான காவலுக்கு அவற்றை மட்டும் நம்ப வேண்டாம்.

துப்பாக்கியை உறையோடு சேஃபில் வைப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். தோல் உறையும் ஸ்பாஞ்ச் பெட்டியும் ஈரத்தைப் பிடித்து வைத்து இரும்பின் மேலேயே ஒட்டவைக்கும், வீட்டுக்கு வந்ததும் வெளியே எடுத்துவிடுங்கள். சேஃபுக்குள் சிலிக்கா ஜெல் பை வையுங்கள், நிறம் மாறியதும் ஓவனில் உலர்த்தி மறுபடி வைக்கலாம். டிராகன்ஸ்பெர்க் பக்கம் குளிர்காலத்தில் வேட்டைக்குப் போய், சில்லிட்ட ரைஃபிளை வெதுவெதுப்பான வீட்டுக்குள் கொண்டுவரும்போது மட்டும் இதற்கு ஒரு விலக்கு: உறையைத் திறக்காமல் இரண்டு மணி நேரம் அப்படியே வைத்து, இரும்பு அறைச் சூட்டுக்கு வந்த பிறகு திறங்கள், இல்லாவிட்டால் குழல் முழுவதும் உள்ளும் புறமும் வேர்த்துவிடும். திறந்ததும் துடைத்து, எண்ணெய் போட்டு, சேஃபுக்குள்.

டிசம்பர் முதல் மார்ச் வரை, ஈரம் அதிகமான மாதங்களில், இரண்டு வாரத்துக்கு ஒருமுறை சேஃபைத் திறந்து வெள்ளைத் துணியால் ஒரு தடவு தடவிப் பாருங்கள். துணியில் செம்பழுப்பு தெரிந்தால் அன்றைக்கே எண்ணெய் வையுங்கள், ஸ்டீல் வூல் தேவைப்படாமலே போய்விடும். அப்புறம் வேட்டைக்கோ சுடுதளத்துக்கோ கிளம்பும் நாளில், குழலின் உள்ளேயும் சேம்பரிலும் இருக்கும் எண்ணெயை உலர்ந்த துணியால் முழுவதும் இழுத்து எடுத்துவிடுங்கள். சேம்பரில் எண்ணெய் இருந்தால் சுடும்போது போல்ட் மேல் விழும் அழுத்தம் கூடும், குழலில் இருந்தால் முதல் குண்டு வேறு இடத்தில் போய் விழும்.